கரம் போர்ட் போதுமா, கேம் மெஷின் வேணுமா?

கேள்வி: ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். தம்பிக்கு 23 வயது. கொழும்பில் கடையொன்றில் வேலை செய்தபோது மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டது. வீட்டுக்கு வந்து நான்கு மாதமாகிறது. இடது கை சரியாக வரவில்லை, சொன்னதை மறக்கிறான், சட்டென்று கோபப்படுகிறான். பிசியோ சொன்ன பயிற்சியைச் செய்யச் சொன்னால் திரும்பிப் படுத்துக்கொள்கிறான். நாள் முழுக்க போனில் கேம்தான். டிவியில் பூட்டி விளையாடும் மெஷின் வாங்கிக் கொடுத்தால் கை தேறும் என்கிறார்கள். சீட்டுக் காசை எடுத்து வாங்கலாமா?

பதில்: சீட்டுக் காசில் கை வைக்காதீர்கள், தங்கச்சி. விளையாட்டு தம்பிக்கு நல்லதுதான். ஆனால் அதற்கு மெஷின் தேவையில்லை.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். பக்கவாதத்தால் கை பலவீனமான 141 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, வழக்கமான சிகிச்சைக்கு மேலதிகமாக ஒரு குழுவுக்கு டிவியில் பூட்டி விளையாடும் நின்டெண்டோ வீ மெஷினும், மற்றக் குழுவுக்கு காட்ஸ், பிங்கோ, கட்டை அடுக்குதல், பந்து போன்றவையும் கொடுத்தார்கள். இரண்டு வாரத்தில் 10 தடவை, தடவைக்கு ஒரு மணி நேரம். 2016இல் முடிவு வந்தது. இரண்டு குழுவிலும் கை தேறியிருந்தது. மெஷின் குழு முந்தவில்லை. பக்கவாதமும் தலையடியும் ஒன்றல்ல. என்றாலும், மறந்துபோன அசைவை மூளை திரும்பக் கற்கும் வழி இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான்: கவனத்தோடு, மிகப் பல தடவை, செய்தது சரியா பிழையா என்பது உடனே தெரியும்படி செய்ய வேண்டும். வெறுமனே 'கையைத் தூக்கு' என்றால் பத்தாவது தடவை யாருக்கும் சலித்துவிடும். கரம் விளையாடும்போது கை போய்வருவதை யாரும் எண்ணுவதில்லை.

உங்கள் லயத்தில் யாரிடமாவது கரம் போர்ட் இருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள். தம்பியை முதுகு நிமிர, இரண்டு பாதமும் தரையில் பட உட்கார வையுங்கள். இடது முழங்கை பலகையிலோ தலையணையிலோ தாங்கி நிற்கட்டும். முதல் சில நாள் ஆட்டமே வேண்டாம். 19 காயையும் இடது கையால் ஒவ்வொன்றாக எடுத்து நடுவில் அடுக்கட்டும். பைக்குள் விழுந்த காயை அந்தக் கையாலேயே எடுக்கட்டும். பிறகு ஸ்ட்ரைக்கரை உள்ளங்கையால் தள்ளி ஆடட்டும். சுண்டுவது கடைசியில் வரும். மூளையில் அடிபட்டவர்களுக்கு விரல் மடங்குவது பெரும்பாலும் முதலில் திரும்பும், நீட்டுவது பிந்தும். சுண்டுவது முழுக்க முழுக்க விரலை நீட்டும் வேலை. அதனால்தான் கரத்தை நான் இவ்வளவு வற்புறுத்துகிறேன். தோற்றுக்கொண்டே இருந்தால் எழுந்து போய்விடுவான். அவன் பக்கத்துக்கு விதியைக் கொஞ்சம் தளர்த்துங்கள். கை வரவில்லை என்று யாரும் பிடித்து இழுக்க வேண்டாம், பலவீனமான தோள் மூட்டு நழுவிவிடும். குளிர் இறுக்கத்தைக் கூட்டும் என்பதால் விடியற்காலையை விட்டு, வெயில் ஏறிய பிறகு ஆடுங்கள்.

மறதிக்கு 304 என்ற காட்ஸ் ஆட்டத்தை ஆடுங்கள். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, கிங்குக்கு 3, குயீனுக்கு 2 என்று கூட்டுவதும், எந்தக் காட் இறங்கிவிட்டது என்று நினைவில் வைப்பதும் அவனுக்குத் தேவையான பயிற்சியேதான். ஆரம்பத்தில் ஒரே சாதிக் காட்ஸை மட்டும் வைத்து, அதன் 76 புள்ளியையும் எண்ணச் சொல்லுங்கள். இடது கையால் பிடிக்க முடியாவிட்டால் உடுப்பு தேய்க்கும் பிரஷைக் கவிழ்த்து வைத்து, மயிர்களுக்கிடையில் காட்ஸைச் செருகலாம். காசு வைத்து ஆட விடாதீர்கள்.

கோபத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது பெரும்பாலும் அவன் குணமல்ல, காயத்தின் வேலை. மூளை சீக்கிரம் களைத்துவிடுகிறது. 15 நிமிடம் ஆடி, முகம் சுருங்குவதற்கு முன்பே நிறுத்துங்கள். மாலையில் இன்னொரு தடவை ஆடலாம். போனைப் பிடுங்க வேண்டாம். ஆனால் அதில் உழைப்பது நல்ல கையின் பெருவிரல் மட்டுமே. அதனால் கரத்துக்குப் பிறகு போன், படுக்கப் போகும் நேரத்தில் போன் இல்லை. வலிப்பு வந்திருந்தால் வேகமாக மின்னும் கேம்களைப் பற்றி டாக்டரிடம் கேட்காமல் விட வேண்டாம்.

இதே வாரம் மஸ்கெலியாவிலிருந்து ஓர் அக்காவும் எழுதியிருந்தார். மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப்போன கணவருக்கு விளையாட்டு எதற்கு என்று கேட்கிறார். முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் டாக்டர் லுட்விக் குட்மன் விளையாட்டையே சிகிச்சையாக்கினார். 1948இல் சக்கர நாற்காலியில் இருந்த 16 பேர் அங்கே வில்வித்தைப் போட்டியில் இறங்கினார்கள்; பாராலிம்பிக் அதிலிருந்து வளர்ந்தது. அக்கா, அவருக்குப் பந்து எறிந்து பிடிக்கக் கொடுங்கள். கையும் உடம்பின் மேல்பகுதியும் பலம்பெற்றால் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு அவரே மாறலாம். ஆட்டம் எவ்வளவு சூடாக இருந்தாலும் 15 நிமிடத்துக்கொரு தடவை கையை ஊன்றி இடுப்பைத் தூக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப்புண் வரும். குளிருக்கு அடுப்போரம் உட்கார வைக்காதீர்கள். கால் வெந்தாலும் அவருக்குத் தெரியாது. நெஞ்சு மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவருக்குத் திடீரென்று கடும் தலையிடியும் வியர்வையும் வந்தால் ஆட்டத்தை நிறுத்தி, நிமிர்த்தி உட்கார வைத்து, சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். தணியாவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

தங்கச்சி, கண்டிக்கு அருகே திகனவில் அரசாங்கப் புனர்வாழ்வு ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே அனுப்ப முடியுமா என்று அடுத்த கிளினிக்கில் கேளுங்கள். போகும்போது ஒரு கொப்பியில் எந்த நாள் எவ்வளவு நேரம் ஆடினான், இடது கையால் எத்தனை காய் எடுத்தான், எப்போது களைத்தான் என்று எழுதிக் கொண்டுபோங்கள்.