முகம் அவருடையது, குரல் உங்களுடையது

கேள்வி: எனக்கு வயது 34. பத்து வருடமாக லைட் மியூசிக் குழுவில் பாடுகிறேன். இசையமைப்பாளர் ஒருவர் தன் ஆல்பம் பாட்டுக்கு என்னைப் பாட வைத்தார். ‘குரல் பிரமாதம், ஆனால் வீடியோவில் ஒரு மாடல் வாயசைக்கட்டும்’ என்கிறார். நான் கொஞ்சம் பருமன். ‘சினிமாவில் பின்னணி பாடுவது மாதிரிதானே’ என்றும் சொல்கிறார். ஒப்புக்கொள்ளலாமா? எழுத்தில் எதுவும் இல்லை. ட்ராக் (மாதிரிப் பதிவு) பாடிக் கொடுத்துவிட்டேன்.
— ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: மாடலை விடுங்கள். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது கடைசி வரிதான். ஏன் என்று சொல்ல, அமெரிக்கப் பாடகி மார்த்தா வாஷின் கதைக்குப் போக வேண்டும்.

சான்பிரான்சிஸ்கோக்காரர். சர்ச்சில் பாடிப் பழகிய குரல். 1970களின் கடைசியில் டிஸ்கோ பாடகர் சில்வெஸ்டருக்குப் பின்னால், இசோரா என்ற தோழியோடு நின்று பாடினார். இருவருக்கும் கனத்த உடம்பு. அதை மறைக்காமல் ‘டூ டன்ஸ் ஓ ஃபன்’, அதாவது ரெண்டு டன் குஷி என்றே பெயர் வைத்துக்கொண்டார்கள்! 1982-ல் ‘வெதர் கேர்ள்ஸ்’ என்று பெயரை மாற்றி, ‘இட்ஸ் ரெயினிங் மென்’ பாடினார்கள். டோனா சம்மர் போன்ற பெரிய பாடகிகள் வேண்டாம் என்று ஒதுக்கிய பாட்டு அது. வீடியோவிலும் இவர்களேதான் வந்தார்கள். பிரிட்டனில் இரண்டாம் இடம் வரை ஏறியது.

அப்புறம் வந்தது 1990. இத்தாலியின் ‘பிளாக் பாக்ஸ்’ குழுவுக்காக மார்த்தா சில பாட்டுகள் பாடிக் கொடுத்தார். வேறு பாடகிகளுக்குப் போட்டுக் காட்டும் மாதிரி என்றுதான் நினைத்திருந்தார். உங்கள் ட்ராக் மாதிரியே. ஆல்பம் வந்தபோது ஆறு பாட்டில் அவர் குரல் இருந்தது, அட்டையில் பெயர் இல்லை. வீடியோவில் வாயசைத்தவர் ஒரு பிரெஞ்சு மாடல். அதே வருடம் ‘சி அண்ட் சி மியூசிக் ஃபேக்டரி’ என்ற அமெரிக்கக் குழுவின் பாட்டு ஒன்று வந்தது. ‘எவ்ரிபடி டான்ஸ் நவ்’ என்று ஒரு பெண் குரல் ஓங்கி எழுமே, ரிசப்ஷனில் டிஜே போட்டு நீங்களும் கேட்டிருப்பீர்கள். அதுவும் மார்த்தாதான். வீடியோவில் இருந்தவரோ ஒல்லியான செல்மா டேவிஸ். 1991 பிப்ரவரியில் அமெரிக்காவில் முதலிடம். (செல்மாவைத் திட்ட வேண்டாம். அவரும் பாடகிதான், அதே ஆல்பத்தில் வேறு பாட்டுகள் பாடியிருக்கிறார்.)

மார்த்தா இரண்டு தரப்பு மீதும் வழக்குப் போட்டார். ‘பிளாக் பாக்ஸ்’ விவகாரத்தில், அவர்கள் பாட்டுகளை அமெரிக்காவில் வெளியிட்ட ஆர்சிஏ நிறுவனம் பணம் கொடுத்ததோடு தனி ஆல்பத்துக்கும் ஒப்பந்தம் போட்டது. 1993-ல் அவர் பெயரிலேயே ஆல்பம் வந்தது. ‘எவ்ரிபடி டான்ஸ் நவ்’ வழக்கு 1994-ல் சமரசமானது. பாடியது மார்த்தா என்று வீடியோவில் எழுத்துப் போடும்படி அந்தப் பாட்டை வெளியிட்ட சோனி நிறுவனமே எம்டிவி என்ற இசைச் சேனலைக் கேட்டுக்கொண்டது. அதுவரை உலகம் பார்த்தது வேறு முகத்தை.

சரி, பின்னணிப் பாட்டு வாதத்துக்கு வருகிறேன். சினிமாவில் கதாநாயகி பாடவில்லை என்று டீக்கடையில் இருப்பவருக்கும் தெரியும். டைட்டிலில் பாடகி பெயர் வரும். அதுகூடச் சும்மா கிடைத்ததில்லை. 1949-ல் ‘மஹல்’ இந்திப் படத்தின் ‘ஆயேகா ஆனேவாலா’ இசைத்தட்டில் லதா மங்கேஷ்கர் பெயர் இல்லை, படத்துப் பாத்திரமான காமினியின் பெயர்தான் இருந்தது. ஆல்பம் வீடியோவிலோ கதையே பாடகிதான். திரையில் யார் வாய் அசைகிறதோ அவரைத்தான் அடுத்த கச்சேரிக்குக் கூப்பிடுவார்கள்.

அதனால், என் அபிப்பிராயம்: மாடல் ஆடட்டும், நடிக்கட்டும், வாயை மட்டும் அசைக்க வேண்டாம். நீங்கள் மைக் முன் நின்று பாடும் காட்சி கொஞ்சமாவது இருக்க வேண்டும் என்று கேளுங்கள். பருமன் என்பது அவர் காரணமென்றால், மார்த்தாவின் 1982 வீடியோவை அவருக்கு அனுப்பி வையுங்கள். அதற்கும் மசியாவிட்டால், பாடியவர் பெயர் யூடியூப் தலைப்பிலேயே வர வேண்டும் என்பதில் மட்டும் இறங்கி வராதீர்கள். இது கெஞ்சிக் கேட்கும் விஷயமில்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம், பாடியவருக்குத் தன் பெயரால் அறியப்படும் உரிமையைத் தந்திருக்கிறது. ஒப்பந்தம் என்று எதையாவது நீட்டினால், கையெழுத்துக்கு முன் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். அந்தச் செலவுக்குக் கணக்குப் பார்க்காதீர்கள்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால், இன்று ராத்திரியே அந்த இசையமைப்பாளருக்கு வாட்ஸ்அப்பில் மரியாதையாக நாலு வரி போடுங்கள். எந்தத் தேதியில், எந்த ஸ்டுடியோவில், எந்தப் பாட்டுக்கு ட்ராக் பாடினீர்கள் என்று எழுதுங்கள். ‘ஒப்பந்தம் ஆகும்வரை என் குரலை வெளியிட வேண்டாம் சார்’ என்று முடியுங்கள். அவர் பதில் வந்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.