ஆறு நாளில் ஐந்து ஆட்டம்: செவானி அணி பற்றி வாசகர் கேள்விகள்

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், கம்பர்லாண்ட் பீடபூமியின் மேல் இருக்கிறது யுனிவர்சிட்டி ஆஃப் தி சவுத். எபிஸ்கோபல் திருச்சபை 1857இல் நிறுவியது. ஃபுட்பால் வட்டாரத்தில் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. ஊர்ப் பெயரால் செவானி என்பார்கள். அந்த அணியைப் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்துத் தருகிறோம். ஃபுட்பால் என்று வரும் இடமெல்லாம் அமெரிக்கன் ஃபுட்பால்தான்.

கேள்வி: 1899இல் செவானி அணி ஆறே நாளில் ஐந்து ஆட்டம் ஆடி, ஐந்திலும் ஜெயித்ததாகச் சொல்கிறார்கள். கதையா, நிஜமா?

நிஜம்தான். நவம்பர் 9, வியாழக்கிழமை, ஆஸ்டினில் டெக்சஸை 12-0 என வென்றார்கள். மறுநாள் ஹூஸ்டனில் டெக்சஸ் ஏ அண்ட் எம் அணியை 10-0. சனிக்கிழமை நியூ ஆர்லியன்ஸில் டுலேனை 23-0. 12ஆம் தேதி ஞாயிறு. திருச்சபைக் கல்லூரி, அன்று ஆட்டம் கிடையாது. திங்களன்று பேட்டன் ரூஜில் எல்எஸ்யூவை (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) 34-0, செவ்வாயன்று மெம்ஃபிஸில் ஓல் மிஸ்ஸை (மிசிசிப்பி பல்கலைக்கழகம்) 12-0. மொத்தம் 91 புள்ளி எடுத்தார்கள், ஒரு புள்ளிகூடக் கொடுக்கவில்லை.

பயணம் முழுக்க ரயிலில், சுமார் 2,500 மைல். மாலையில் ஆட்டம் முடிந்ததும் தூங்கும் வசதியுள்ள பெட்டியில் ஏறி அடுத்த ஊரில் இறங்குவது, அங்கே அடுத்த ஆட்டம். குடிதண்ணீரைக்கூட செவானி ஊற்றிலிருந்து பீப்பாயில் பிடித்து ஏற்றிக்கொண்டார்கள். ஊர் ஊராகத் தண்ணீர் மாறினால் வயிறு கெடும், வயிறு கெட்டால் அணியே படுத்துவிடும். இருபது பேர் அளவிலான குழுவில் நான்கு பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தாலும் கதை முடிந்தது என்பதால், இதை வீம்பு என்று ஒதுக்க முடியாது.

ஏன் இப்படி அடுக்கினார்கள் என்றால், பணம்தான். அண்டை அணியான வாண்டர்பில்ட்டுடன் டிக்கெட் வசூலைப் பங்கிடுவதில் தகராறு. அந்த வருடம் அந்த ஆட்டமே நடக்கவில்லை, சீசனின் பெரிய வரவு போயிற்று. அந்த ஓட்டையை அடைக்க, மாணவர் மேனேஜரான லூக் லீ ஒரே சுற்றில் ஐந்து ஊர் வசூல் வரும்படி திட்டம் போட்டார். ரயில் செலவு ஒரு தடவைதான், டிக்கெட் வசூல் ஐந்து தடவை. ஓல் மிஸ் ஆட்டம் அவர்கள் கல்லூரியில் நடக்காமல் மெம்ஃபிஸில் நடந்ததற்கும், ஏ அண்ட் எம் ஆட்டம் ஹூஸ்டனில் நடந்ததற்கும் இதே கணக்கைத்தான் பார்க்க வேண்டும்: பெரிய ஊர், நல்ல ரயில் தொடர்பு, கூட்டம். இந்த லூக் லீ பிற்பாடு அமெரிக்க செனட்டரானார். 1919 ஜனவரியில் நெதர்லாந்தில் அடைக்கலம் புகுந்திருந்த ஜெர்மனியின் முன்னாள் பேரரசர் கைசரைத் தூக்கிவரக் கிளம்பியவரும் இவரேதான். முடியாது என்று சொன்னால் காதில் விழாத ஆசாமி.

கேள்வி: இன்றைக்கு ஒரு ஆட்டம் ஆடினால் ஒரு வாரம் ஓய்வு கேட்கிறார்கள். அவர்கள் உடம்பு எப்படித் தாங்கியது?

அன்று ஆடியது வேறு ஆட்டம். மூன்று டவுனில் (டவுன் என்பது பந்தை முன்னே கொண்டுபோக ஒரு முயற்சி) ஐந்து கெஜம் முன்னேறினால் போதும். ஃபார்வர்டு பாஸ், அதாவது பந்தை முன்னோக்கி எறிவது, கிடையாது. அது 1906இல்தான் அனுமதிக்கப்பட்டது. அதனால் முழு வேகத்தில் ஓடிவந்து மோதுவது குறைவு. நெருக்கியடித்துத் தள்ளுவதுதான் அதிகம். 35 நிமிடத்தில் இரண்டு பாதி என்பது விதி. இரு கேப்டன்களும் ஒப்புக்கொண்டால் நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம், அப்படிக் குறைப்பது சகஜமாகவும் இருந்தது.

முக்கியமான விதி இன்னொன்று. வெளியே போனவர் அதே ஆட்டத்தில் திரும்ப இறங்க முடியாது. ஆக, தாக்குவதும் தடுப்பதும் அதே பதினொரு பேர். நல்ல ஆட்டக்காரர்கள் பதினைந்து பேர் இருந்தால் எந்தப் பெரிய கல்லூரியையும் எதிர்க்கலாம். சில நூறு மாணவர்கள் படிக்கும் இடத்திலும் பதினைந்து பேர் தேறுவார்கள். சின்னக் கல்லூரிகள் கொடிகட்டிப் பறந்த காலத்துக்கு இந்த ஒரு விதிதான் அஸ்திவாரம் என்பது எங்கள் கருத்து.

செவானிக்கு மட்டும் இன்னொரு வசதியும் இருந்தது. மலைக் குளிருக்காக அங்கே நீண்ட விடுமுறையைக் குளிர்காலத்தில் விடுவார்கள். கோடையில் வகுப்பு நடக்கும். மற்ற கல்லூரி மாணவர்கள் வீட்டில் இருந்தபோது இவர்கள் வளாகத்தில் இருந்தார்கள், சேர்ந்து பயிற்சி எடுக்க முடிந்தது.

அதற்காக மென்மையான ஆட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். தலைக்கவசம் கல்லூரி ஆட்டத்தில் கட்டாயமானதே 1939இல். 1905இல் சாவுகள் பெருகி, ஆட்டத்தையே ஒழித்துவிடலாமா என்ற பேச்சு எழுந்த பிறகுதான் விதிகளைத் திருத்தினார்கள்.

கேள்வி: டச்டவுனுக்கு 6, ஃபீல்ட் கோலுக்கு 3 என்று கூட்டிப் பார்த்தால் 23-0, 34-0 எல்லாம் இடிக்கிறதே?

இன்றைய புள்ளிகளை வைத்துக் கூட்டினால் இடிக்கத்தான் செய்யும். 1899இல் டச்டவுனுக்கு (எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோவது) 5, அதன் பிறகு உதைக்கும் கோலுக்கு 1, ஃபீல்ட் கோலுக்கு (ஆட்டத்தின் நடுவே பந்தைக் கோல் கம்பங்களுக்கு இடையே உதைப்பது) 5, சேஃப்டிக்கு (எதிரணியை அதன் சொந்தக் கோல் கோட்டுக்குப் பின்னால் மடக்குவது) 2. ஃபீல்ட் கோல் 1904இல் 4 ஆகி, 1909இல் 3 ஆனது. டச்டவுன் 6 ஆனது 1912இல்; நான்காவது டவுனும் நூறு கெஜ மைதானமும் அதே வருடம் வந்தவை. இந்தப்படி, டச்டவுனோடு கோலும் சேர்ந்தால் 6, கோல் தவறினால் 5. நான்கு ஆறும் இரண்டு ஐந்தும் 34. மூன்று ஆறும் ஒரு ஐந்தும் 23.

டச்டவுனுக்குப் பிறகான கோல் இன்று போல நடுவிலிருந்து உதைக்கும் சுலபமான சமாச்சாரம் அல்ல. பந்து கோடு தாண்டித் தரையில் வைக்கப்பட்ட இடத்துக்கு நேர் எதிரே பின்வாங்கித்தான் உதைக்க வேண்டும். ஓரத்தில் வைத்திருந்தால் கோணம் மிகக் குறுகலாகிவிடும். அதைச் சரிசெய்ய ‘பன்ட் அவுட்’ என்று ஒரு வழி: கோல் கோட்டிலிருந்து ஒருவர் பந்தை உதைத்து வெளியே அனுப்ப, சக ஆட்டக்காரர் நல்ல இடத்தில் நின்று பிடித்தால், அங்கிருந்து கோலுக்கு உதைக்கலாம். பிடி நழுவினால் அந்த ஒரு புள்ளி போச்சு. பழைய ஸ்கோர்களில் 5, 10 என்று அடிக்கடி தென்படக் காரணம் இதுதான்.

கேள்வி: செவானியின் 1899 அட்டவணையை நானே தயாரிக்கிறேன். இணையத்தில் ஆளுக்கொரு தேதி, ஆளுக்கொரு பெயர். எப்படிச் சரிபார்ப்பது?

முதலில் கூட்டிப் பாருங்கள். சீசன் மொத்தம் 12 ஆட்டம், 322-10. பயணத்துக்கு முன் ஜார்ஜியா 12-0, ஜார்ஜியா டெக் 32-0, டென்னசி 46-0, சவுத்வெஸ்டர்ன் பிரெஸ்பிட்டீரியன் 54-0. பயணத்தில் 91. அதன்பின் கம்பர்லாண்ட் 71-0, ஆபர்ன் 11-10, நார்த் கரோலினா 5-0. கூட்டல் 322 வரவில்லை என்றால் ஏதோ ஒரு ஸ்கோர் தப்பு. எதிரணிகள் எடுத்த பத்தும் ஆபர்ன் ஒன்றே எடுத்தது. அந்த அணியின் கோச் ஜான் ஹெய்ஸ்மன்.

அடுத்து தேதி. காலைப் பத்திரிகை முந்தின நாள் ஆட்டத்தைப் போடும். பத்திரிகைத் தேதியை ஆட்டத் தேதியாக எழுதிவிடுவதுதான் வழக்கமான தவறு. உங்கள் அட்டவணையில் நவம்பர் 12 அன்று ஆட்டம் இருந்தால், ஒரு நாள் நழுவியிருக்கிறது என்று அர்த்தம்.

கடைசியாகப் பெயர். சவுத்வெஸ்டர்ன் பிரெஸ்பிட்டீரியன் என்பது இன்றைய ரோட்ஸ் கல்லூரி. டெக்சஸில் உள்ள சவுத்வெஸ்டர்ன் வேறு. கம்பர்லாண்ட் என்பது டென்னசியின் லெபனான் ஊரில் உள்ளது. கென்டக்கியிலும் ஏறக்குறைய அதே பெயரில் ஒன்று உண்டு, அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 1916இல் ஜார்ஜியா டெக்கிடம் 222-0 என்று வாங்கிக் கட்டிக்கொண்டதும் இந்த லெபனான் கம்பர்லாண்ட்தான். ஜார்ஜியா டெக்கின் அன்றைய கோச், மேலே சொன்ன அதே ஹெய்ஸ்மன். ஒவ்வொரு ஆட்டத்தையும் எதிரணிக் கல்லூரியின் பதிவோடும் ஒப்பிடுங்கள். தோற்றவர் பதிவும் ஜெயித்தவர் பதிவும் ஒத்துப்போனால் ஏறக்குறைய நம்பலாம்.

கேள்வி: அந்த வருடம் தேசிய சாம்பியன் செவானிதானா?

அப்படி ஒரு பட்டமே அன்று இல்லை. ஏபி (அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம்) தரவரிசை தொடங்கியது 1936இல். பிற்காலத்தில் பழைய சீசன்களைத் திரும்பிப் பார்த்துப் பட்டம் கொடுத்தவர்கள் 1899க்கு ஹார்வர்டு, பிரின்ஸ்டன் என்றே எழுதினார்கள். தெற்கத்திய அணிகளை வடகிழக்கில் யாரும் பெரிதாக மதிக்காத காலம்.

கேள்வி: அப்படிப்பட்ட அணி எஸ்இசியில் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லையாமே?

ஆமாம். 1932 டிசம்பரில் பதின்மூன்று கல்லூரிகள் சேர்ந்து சவுத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸை (எஸ்இசி; தங்களுக்குள் போட்டியிடும் கல்லூரிகளின் கூட்டமைப்பு) அமைத்தபோது செவானியும் ஒன்று. மற்ற பன்னிரண்டில் ஏழு, 1899இல் செவானியிடம் தோற்றவை. ஆனால் 1933 முதல் 1940 வரை எட்டு சீசனில் 37 கான்ஃபரன்ஸ் ஆட்டம் ஆடி, 37இலும் தோல்வி. ஒரு டிராகூட இல்லை.

ஆட்டக்காரர்கள் சோடை போனார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. மாநிலப் பல்கலைக்கழகங்கள் மாணவர் எண்ணிக்கையிலும் மைதானத்திலும் பல மடங்கு வளர்ந்துவிட்டன. விளையாட்டுக்காக உதவித்தொகை கொடுப்பதும் வெளிப்படையாக நடக்க ஆரம்பித்தது. செவானியின் அளவு மட்டும் அப்படியே நின்றது. 1938இல் துணைவேந்தராக வந்த அலெக்சாண்டர் கெரி, காசு கொடுத்து ஆட்டக்காரர்களைச் சேர்ப்பது கல்லூரியின் வேலையல்ல என்ற கொள்கைக்காரர். 1940 டிசம்பரில் செவானி விலகியது. எஸ்இசியை விட்டு முதலில் வெளியேறிய கல்லூரி அதுதான். எங்களைக் கேட்டால், அது வெட்கப்பட வேண்டிய முடிவே அல்ல. மறு வருடமே ஆட்டக்காரர்களைத் தாராளமாக மாற்றிக்கொள்ளலாம் என்று விதி தளர்ந்தது. தாக்க ஒரு அணி, தடுக்க ஒரு அணி என்று பிற்பாடு பெருத்ததற்கு வழி திறந்தது அதுதான். பதினைந்து பேரை வைத்து ஒப்பேற்றும் வித்தை இனி எங்கேயும் செல்லாது என்றாகிவிட்டது.

கேள்வி: இப்போதும் ஆடுகிறார்களா?

ஆடுகிறார்கள். என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பு) மூன்றாம் டிவிஷனில், விளையாட்டு உதவித்தொகை இல்லாமல். ரோட்ஸுடன் மோதும் ஆட்டத்துக்கு எட்மண்ட் ஆர்கில் கோப்பை என்று பெயர். 1899இல் 54-0 என்று தோற்றவர்களுடன் இன்றும் போட்டி தொடர்கிறது.