வேலியும் தற்சார்பும் – கடிதம்

அன்புள்ள அக்கா,

உங்கள் பண்ணைக் கட்டுரைகளை மூன்று வருடமாக வாசித்துவருகிறேன். வயது 36, சோழிங்கநல்லூரில் ஐடி வேலை. மனைவி, இரண்டாவது படிக்கும் மகள். செங்கம் பக்கம், ஜவ்வாது மலை அடிவாரத்தில் மார்கழியில் போய் மூன்று ஏக்கர் பார்த்து வைத்திருக்கிறோம். ஈபி லைன் வாங்குவதாக இல்லை. சோலார், மண் வீடு, சாண எரிவாயு, வீட்டுக்கு வேண்டிய அரிசி, எண்ணெய், பருப்பு எல்லாம் சொந்த நிலத்தில். யாரையும் சார்ந்திருக்காமல் வாழ்ந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. மனைவிக்கும் ஓரளவு சம்மதம். வெளியூர்க்காரர்கள் என்றால் ஊரில் ஏமாற்றிவிடுவார்கள் என்று நண்பர்கள் பயமுறுத்துவதால் முதல் வேலையாகச் சுற்றிலும் கம்பிவேலி போட நினைக்கிறேன். மூன்று ஏக்கர் போதுமா? எவ்வளவு சோலார் வைக்க வேண்டும்?

எஸ்.

அன்புள்ள எஸ்,

கணக்கை முதலில் முடித்துவிடுவோம், அது சுலபம். உங்கள் மூன்று பேருக்கு மாதம் ஒரு 25 கிலோ சிப்பம் தாராளம். வருடத்துக்கு 300 கிலோ அரிசி, நெல்லாகச் சொன்னால் 75 கிலோ மூட்டையில் ஆறு மூட்டைக்குக் கொஞ்சம் மேலே. உரம் போடாத பாரம்பரிய ரகம் ஏக்கருக்கு 12, 15 மூட்டை கொடுக்கும் என்று வைத்தாலும் முக்கால் ஏக்கர் கழனி போதும், விதைநெல்லும் விருந்தாளிச் சாப்பாடும் அதிலேயே வந்துவிடும். எண்ணெய் மாதம் மூன்று லிட்டர். செக்கில் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ மல்லாட்டைப் பருப்பு, அதாவது நிலக்கடலைப் பருப்பு, பிடிக்கும், ஆக மானாவாரியாகக் கால் ஏக்கர் போட்டால் சமாளிக்கலாம், மழை சொன்னபடி பெய்தால். துவரையும் காராமணியும் அதற்குள்ளேயே ஊடுபயிர். மீதி நிலத்தில் மாட்டுக்குத் தீவனம், மரம், வீடு. ஆகவே மூன்று ஏக்கர் போதும்.

சோலாரும் அப்படித்தான். ஒரு கிலோவாட் பேனல் நல்ல வெயிலில் நாளுக்கு நான்கு யூனிட் தரும். லைட்டு, இரண்டு ஃபேன், மிக்ஸி, சின்ன ஃப்ரிட்ஜ் ஓடும். கிணற்று மோட்டாருக்குத் தனி பேனல். ஆனால் பேனலை விடுங்கள், பேட்டரியைப் பாருங்கள். 150 ஏஎச் (ஆம்பியர்-அவர்) டியூபுலர் பேட்டரி இரண்டு வாங்கினால் காகிதத்தில் மூன்றரை யூனிட் சொச்சம் நிற்கும். பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும் என்பதால் கைக்கு வருவது இரண்டு யூனிட்டுக்கும் கீழே. நான்கைந்து வருடத்தில் மாற்ற வேண்டும். 2015 கார்த்திகையில் எங்கள் பக்கம் நாள்கணக்கில் வானம் வெளுக்கவே இல்லை. மூன்றாம் நாள் இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்தது, நான்காம் நாள் அதுவும் ஓய்ந்தது. கரண்டு வேண்டாம் என்று வீராப்பாக வந்த நாங்கள் ஐந்தாம் நாள் போனையும் டார்ச்சையும் பையில் போட்டுக்கொண்டு பக்கத்துக் கொல்லைக்காரர் வீட்டுக்குப் போய் ஈபி பிளக்கில் சொருகிவிட்டு உட்கார்ந்திருந்தோம். அந்த வீட்டு அம்மா டீ கொடுத்தார், ஒரு வார்த்தை கேலி இல்லை, அதுதான் கூச்சமாக இருந்தது.

இதையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 1990இலிருந்து விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். அந்த இணைப்புக்கு எழுதிக்கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் வரிசையில் நிற்கிறவர்கள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள். அவர்களிடம் போய் "எனக்கு லைன் வேண்டாம்" என்று கொள்கை விளக்காதீர்கள். நான் விளக்கினேன். ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ உங்க முறையை என் பேருக்கு மாத்திக் கொடுக்க முடியுமாம்மா?" என்றார்.

இனி வேலி. உங்கள் கடிதத்தில் என்னைத் தூக்கிவாரிப்போட்டது அந்த வரிதான், ஏனென்றால் நாங்களும் முதலில் செய்தது அதைத்தான். 2011இல் வந்த சூட்டோடு கல்தூண் நட்டு ஐந்து வரி முள்கம்பி இழுத்தோம். எங்கள் கொல்லையின் தெற்கு ஓரமாக ஒரு ஒற்றையடிப் பாதை ஏரிக்குப் போகும். ஆடு ஓட்டுகிறவர்கள், விறகுக்குப் போகிற பெண்கள் எல்லாருக்கும் அதுதான் வழி. பத்திரத்திலும் இல்லை, நில அளவை வரைபடத்திலும் இல்லை, அதனால் எங்களைப் பொறுத்தவரை அப்படி ஒரு பாதையே இல்லை. யாரும் சண்டைக்கு வரவில்லை. யாரும் ஒன்றும் சொல்லவே இல்லை. ஆனால் அந்த வருடம் மல்லாட்டைக்குக் களையெடுக்க ஆள் கிடைக்கவில்லை. கேட்டால் "வரோம்மா" என்பார்கள், வரமாட்டார்கள். நானும் கணவரும் வாரக்கணக்கில் குனிந்து எடுத்தும் கோரை எங்களை முந்தியது. எட்டு மாதம் கழித்து ஆடு மேய்க்கும் தாத்தா ஒருவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "இந்தக் கம்பி ஆட்டுக்கா, ஆளுக்காம்மா?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. அடுத்த வாரம் இரண்டு தூண்களுக்கு நடுவே கம்பியை வெட்டி வழி விட்டோம். அதற்கடுத்த வாரம் களையெடுக்க ஆறு பேர் வந்தார்கள்! இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று யாரும் இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை.

யாரையும் சார்ந்திருக்காத வாழ்க்கை என்று எழுதியிருக்கிறீர்கள். உப்பை என்ன செய்வீர்கள்? விளையாட்டாகக் கேட்கவில்லை. சங்க காலத்திலேயே உப்பு வணிகர்களான உமணர்கள் வண்டி கட்டி உப்பைக் கொண்டுபோய் நெல்லுக்கு மாற்றினார்கள், நமக்கு இன்றும் மரக்காணத்திலிருந்தோ எங்கிருந்தோ வந்தாக வேண்டும். ஏர்க்கொழு அடிக்க ஆசாரி, மாட்டுக்குச் சினை ஊசி போட ஆள், கிணறு தூர்வார ஆள். இரவில் விரியன் கடித்தால் உங்களைப் பைக்கில் நடுவில் உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக இரண்டு பேர். எங்கள் வீட்டில் அது நடந்தது, கணவர் பிழைத்தது அந்த இரண்டு பேரால். தற்சார்பு என்ற சொல்லை நாம் கண்டபடி புழங்குகிறோம். கடைசிக் காலத்தில் தே. கல்லுப்பட்டிக்கு வந்து வாழ்ந்த காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா பேசிய தற்சார்பு கிராமத்தின் தற்சார்பு, தனி வீட்டுக்கு உரியதாக அவர் அதைச் சொல்லவில்லை. இயற்கை விவசாயத்துக்காக உழைத்த நம்மாழ்வாரும் கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலைய வேலையை உதறிவிட்டுத் தனக்கென்று ஒரு தோப்பை வளைத்துக்கொண்டு உட்காரவில்லை, களக்காடு கிராமங்களில் ஜனங்களோடு வருடக்கணக்கில் வேலை செய்தார். நீங்கள் நினைப்பது வேறு, பட்டணத்து அபார்ட்மெண்ட் கதவைக் கொண்டுவந்து கொல்லையில் மாட்டுவது.

எங்கள் ஊரில் பாரதக் கூத்துக்குத் தலைக்கட்டு வரி போடுவார்கள், வீட்டுக்கு இவ்வளவு என்று. முதல் இரண்டு வருடம் எங்களிடம் கேட்கவில்லை. நாங்களாக நீட்டிய பணத்தை நன்கொடை என்று தனியாக எழுதிக்கொண்டார்கள், நோட்டில் வேறு பக்கம். நான்காவது வருடமோ ஐந்தாவதோ, "உங்க தலைக்கட்டுக்கு ஐந்நூறு" என்று வந்து நின்றபோது என் கணவர் ரசீதை பர்ஸில் மடித்து வைத்துக்கொண்டார். இன்னும் இருக்கிறது, மை போய்விட்டது.

அதற்காக ஊர் சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் கேள்வியே "நீங்க என்ன ஆளுங்க" என்றுதான் வரும், சுற்றிவளைத்து. அதற்கு நீங்கள் சொல்லும் பதிலைப் பொறுத்து எந்தத் தெருவிலிருந்து ஆள் வேலைக்கு வரும், யார் வீட்டுத் தண்ணீரை நீங்கள் குடிப்பீர்கள் என்று அவர்களே கணக்குப் போட்டுவிடுவார்கள். நாங்கள் இரண்டு தெருவிலும் சாப்பிட்டதில் சிலருக்கு இன்றும் வருத்தம், இருக்கட்டும். நிலம் வாங்கும்போதும் இதே சங்கதி வேறு வேஷத்தில் வரும். விலை சந்தேகப்படும்படி மலிவாக இருந்தால் அது பஞ்சமி நிலமா என்று பாருங்கள். 1892இல் தாழ்த்தப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கிய நிலம், மற்றவர்களுக்கு விற்க முடியாத நிபந்தனையோடு கொடுத்தது. கை மாறிக் கை மாறி இப்போது பட்டா வேறு பெயரில் சுத்தமாக இருக்கும், வில்லங்கச் சான்றில் கடந்த முப்பது வருடத்துக்கு மட்டும் பார்த்தால் ஒன்றும் தெரியாது. தாலுகா ஆபீஸில் பழைய பதிவேட்டைத் தேடச் சொல்லுங்கள். அலுத்துக்கொள்வார்கள், விடாதீர்கள்.

அப்புறம் அந்த "ஓரளவு சம்மதம்". தம்பி, அதை நான் பலமுறை திரும்பப் படித்தேன். சாண எரிவாயுவுக்குத் தினமும் சாணி கரைத்து ஊற்றுவது யார்? மழை நாளில் ஈர விறகோடு போராடுவது யார்? மோட்டார் படுத்துவிட்டால் குடம் யார் இடுப்பில்? உங்கள் மகளின் பள்ளிக்கூடம் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. எனக்குக் கடிதம் எழுதுகிற ஆண்கள் எல்லாரும் பேனல் எத்தனை வாட் என்று கேட்கிறார்கள், கக்கூஸ் எங்கே என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. எங்கள் மாதச் செலவுக்கு இன்றும் பாதிப் பணம் நான் செய்யும் மொழிபெயர்ப்பிலிருந்து வருகிறது, அதையும் உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

முன்பணம் கொடுக்காதீர்கள். நிலத்தை மார்கழியில் பார்த்ததாகச் சொல்கிறீர்கள், மார்கழியில் எந்த நிலமும் அழகாகத்தான் இருக்கும். சித்திரைக் கடைசியில் போய்க் கிணற்றை எட்டிப் பாருங்கள். அப்படியே எங்கள் வீட்டுக்கு வாருங்கள், ஒரு வாரம் தங்குங்கள், வெயிலும் கொசுவும் என் பொறுப்பு. நீங்கள் மட்டும் வருவதாக இருந்தால் வேண்டாம். உங்கள் மனைவியும் வரட்டும், முடிந்தால் அவரே எனக்கு ஒரு கடிதம் போடட்டும்.

அன்புடன்,
அக்கா