வாசகர் கேள்வி – பதில்: சமோசா நமத்துப் போவது ஏன்?

கேள்வி: டீக்கடையில் விற்கும் மெல்லிய வெங்காய சமோசாவை வீட்டில் செய்து பார்க்கிறேன். எண்ணெயிலிருந்து எடுக்கும்போது மொறுமொறுப்பாக இருக்கிறது, ஆனால் கால் மணி நேரத்தில் நமத்துவிடுகிறது. எண்ணெயும் நிறையக் குடிக்கிறது. கடைப் பக்குவம் வருவதற்கு என்ன வழி?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: இந்தப் பிரச்சினைக்கு எண்ணெயைக் குறை சொல்பவர்களே அதிகம். உண்மையில் உங்கள் சமோசாவைக் கெடுப்பது வெங்காயத்துக்குள் இருக்கும் தண்ணீர். வெங்காயத்தின் எடையில் பத்தில் ஒன்பது பங்கு நீர்தான். உப்புப் பட்டதும் அது கசியத் தொடங்கி, மடித்து வைத்த பட்டியை (சமோசாவின் மேல் மாவுத் தாளை) உள்ளிருந்தே ஊறவைத்துவிடும். ஆகவே 300 கிராம் வெங்காயத்தை மெல்லியதாக நீளவாக்கில் நறுக்கி, அரைத் தேக்கரண்டி உப்பைப் பிசிறி, பத்து நிமிடம் கழித்து இரு கைகளாலும் இறுகப் பிழிந்துவிடுங்கள். பிறகு பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கொத்தமல்லி, சிறிது மிளகாய்த்தூள் ஆகியவற்றோடு, கழுவாத மெல்லிய அவல் அரைக் கோப்பையையும் கலந்துகொள்ளுங்கள். மிச்சமிருக்கும் ஈரத்தை அவல் இழுத்துக்கொண்டு, சமோசா வேகும்போது தானும் வெந்துவிடும். பூரணத்தை முன்கூட்டியே கலந்து வைக்காமல், பட்டிகள் தயாரான பிறகே கலப்பது முக்கியம்.

பட்டியைப் பொறுத்தவரை, 250 கிராம் மைதாவைச் சப்பாத்தி மாவுப் பதத்தில் பிசைந்து அரை மணி நேரம் ஊறவிடுங்கள். இரண்டு சிறு பூரிகளைத் தேய்த்து, ஒன்றின் மேல் எண்ணெய் தடவி, மாவைத் தாராளமாகத் தூவி, மற்றொன்றை அதன்மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து உங்களால் இயன்ற அளவு மெல்லியதாகத் தேய்க்க வேண்டும். அதைச் சூடான தோசைக்கல்லில் ஒவ்வொரு பக்கமும் சில நொடிகள் மட்டும் வாட்டுங்கள். பழுப்புப் புள்ளி விழக்கூடாது, பச்சை மாவின் நிறம் மாறி வெளுத்தால் போதும். சூடு ஆறுவதற்குள் ஓரத்தைப் பிடித்துப் பிரித்தால் இரண்டு தாள்களும் தனித்தனியாக வந்துவிடும். அவற்றை மூன்று அங்குல அகலப் பட்டைகளாக வெட்டி, காய்ந்து ஒடியாமல் இருக்க ஈரத்துணியால் மூடி வையுங்கள். பட்டையைக் கூம்பாகச் சுற்றிப் பூரணத்தை நிரப்பி, மைதாப் பசையால் ஒட்டுங்கள். மூன்று முனைகளில் ஒன்றில் ஊசித் துளை இருந்தாலும் அதன் வழியே எண்ணெய் உள்ளே இறங்கிவிடும். எனவே ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் ஒரு முறை திருப்பிப் பார்ப்பது நல்லது.

எண்ணெயில் ஒரு துண்டுப் பட்டியைப் போட்டால், அது உடனே சீறிப் பாயாமல் நிதானமாக மேலெழ வேண்டும். சமோசாவைப் போட்டதும் சுற்றிலும் அடர்த்தியாக எழும் குமிழிகள் உள்ளேயிருக்கும் நீர் ஆவியாகி வெளியேறுவதால் வருபவை. நிறம் வந்துவிட்டது என்று எடுத்துவிடாதீர்கள். குமிழிகள் அருகி, சலசலப்பு அடங்கும் வரை மிதமான தீயிலேயே விடுங்கள். பொரித்த பண்டம் எண்ணெயில் பெரும்பகுதியை உறிஞ்சுவது வாணலியை விட்டு வெளியே வந்த பிறகுதான். உள்ளிருக்கும் ஆவி குளிர்ந்து சுருங்கும்போது மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் எண்ணெயை உள்ளே இழுத்துக்கொள்கிறது. எனவே ஜல்லிக் கரண்டியில் எடுத்தவுடன் நன்றாக உதறி வடித்து, கம்பி வலைத் தட்டில் ஒன்றன் மேல் ஒன்று படாமல் பரப்புங்கள். மூடிய பாத்திரத்தில் போட்டால் தன் ஆவியிலேயே நமத்துவிடும். செய்தித்தாளில் வடிய விடும் பழக்கத்தையும் தயவுசெய்து கைவிடுங்கள். அச்சு மை உணவில் ஏறும் என்பதால், செய்தித்தாளில் உணவைப் பொதிவதற்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிகளே இடம் தருவதில்லை.

கேள்வி: உருளைக்கிழங்கு சமோசாவின் மேல் சிறு சிறு கொப்புளங்கள் வருவது ஏன்?
– வாசகர், சேலம்

பதில்: இங்கும் தண்ணீர்தான் காரணம், ஆனால் இது மாவில் இருக்கும் தண்ணீர். இளக்கமாகப் பிசைந்த மாவு சூடான எண்ணெயில் விழுந்ததும், மேல் தோலுக்கு அடியில் இருக்கும் நீர் ஆவியாகிக் கொப்புளமாக எழும்பும். 250 கிராம் மைதாவுக்கு நான்கு மேசைக்கரண்டி நெய்யோ எண்ணெயோ சேர்த்து, ஓமமும் உப்பும் போட்டு, பிடித்தால் பிடிகொழுக்கட்டை போல நிற்கும் வரை விரல்களால் தேய்த்துவிடுங்கள். அதன் பிறகு தண்ணீரைத் தெளித்துத் தெளித்துக் கெட்டியாகவே பிசைய வேண்டும். எண்ணெய் இளஞ்சூட்டுக்குச் சற்று மேலே இருக்கும்போதே சமோசாவைப் போட்டு, கால் மணி நேரம் வரை பொறுமையாக வேகவிடுங்கள். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் வெளியே சிவந்து உள்ளே மாவாகவே நிற்கும்.

உருளைக்கிழங்கு இல்லாமல் சமோசா உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். 14ஆம் நூற்றாண்டில் டெல்லி சுல்தான் முகமது பின் துக்ளக்கின் அவையில் இருந்த மொராக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா, கொத்துக்கறியையும் பாதாம், பிஸ்தாவையும் வைத்துப் பொரித்த, சம்புசா என்ற அந்நாளைய சமோசாவைப் பற்றி எழுதியிருக்கிறார். அமெரிக்கக் கண்டத்துப் பயிரான உருளைக்கிழங்கு நம் நாட்டுக்கு வந்தது அதற்கு வெகு காலம் பின்பே. ஆகவே கீமாவோ பச்சைப் பட்டாணியோ வைத்துச் செய்யத் தயங்க வேண்டாம். கீமாவை மட்டும் நீர் முழுவதும் சுண்டும் வரை வதக்கி, ஆறவைத்துப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: ஓவன் இல்லாமல் முட்டை பப்ஸ் செய்ய முடியுமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: பேக்கரியில் கிடைப்பது போல அடுக்கடுக்காக வராது என்பதே என் கருத்து. மாவு அடுக்குகளுக்கு இடையே இருக்கும் கொழுப்பு உருகி, மாவின் ஈரம் ஒரே நேரத்தில் ஆவியாகி அடுக்குகளைத் தூக்க, எல்லாப் பக்கமும் 200 டிகிரி அளவுக்குச் சீரான சூடு வேண்டும். ஓவன் வாங்கிய பிறகு வெண்ணெயில் செய்யுங்கள். நம் ஊர் வெயிலில் வெண்ணெய் இளகி மாவோடு கலந்துவிடும் என்பதால், ஒவ்வொரு மடிப்புக்கும் இடையே மாவை அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தெடுங்கள். அதிகாலையில் தொடங்குவது இன்னும் நல்லது.