மத்திய அரசின் பணத்தை அதிகம் பெறும் அமெரிக்க மாநிலங்கள், செலவைக் குறைக்கச் சொல்பவர்களுக்கு ஏன் வாக்களிக்கின்றன?

மத்திய அரசுக்குக் கட்டும் வரியைவிட அங்கிருந்து கூடுதலாகப் பணம் வந்தால் அது 'பெறும் மாநிலம்'. மேற்கு வர்ஜீனியா, மிசிசிப்பி, கென்டக்கி அப்படிப்பட்டவை. கூட்டுக் குடும்பத்தில் நன்றாகச் சம்பாதிப்பவர் அதிகம் கொடுப்பார். பாட்டியின் மருந்துக்கு அதிகம் செலவாகும். அதே கணக்குதான்: வருமானம் குறைவு, அதனால் வரியும் குறைவு, ஏழைகளும் முதியவர்களும் நிறைய, அதனால் உதவித்தொகை அதிகம்.

கென்டக்கியைப் பாருங்கள். 2014இல் ஏழைகளுக்கான மெடிக்கெய்டு மருத்துவக் காப்பீடு விரிவாக்கப்பட்டு, சுமார் 4 லட்சம் பேர் சேர்ந்தார்கள். பலருக்கு முதன்முறையாகக் காப்பீட்டு அட்டை கையில் கிடைத்தது. 2015இல் அந்த விரிவாக்கத்தை எதிர்த்த மேட் பெவின் ஆளுநராக வென்றார். அந்தத் தேர்தலில் பதிவுபெற்ற வாக்காளர்களில் சுமார் 30 சதவீதத்தினரே வாக்களித்தனர். வாக்களித்தவர்களிலும் பலருக்குக் கருக்கலைப்பு, மத நம்பிக்கை போன்றவை பணத்தைவிடப் பெரியவை.

'சொந்த நலன் தெரியாத மக்கள்' என்று இவர்களை ஏளனம் செய்வது அநியாயம்: உதவி பெறுபவரும் வாக்குச்சாவடிக்குப் போகிறவரும் பல நேரங்களில் வெவ்வேறு ஆட்கள்.