மகள் உகாண்டா போகட்டும், முதலில் காகிதம் வரட்டும்

ஆச்சி அவர்களுக்கு வணக்கம்.

பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கும் மகள், ஆறு வாரம் உகாண்டாவுக்குப் போய் கிராமச் சுகாதாரத் திட்டத்தில் தொண்டு செய்யப் போவதாகச் சொல்கிறாள், அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக அனுப்பலாம். ஆனால் அந்த அமைப்புக்கு ஒரு ரூபாய் கட்டுவதற்கு முன்னால், விவரமெல்லாம் எழுதிய காகிதம் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும்.

பர்மாவுக்கும் மலேயாவுக்கும் வட்டிக்கடைகளில் அடுத்தாளாகவும் (உதவியாளராகவும்) ஏஜெண்டாகவும் போனவர்களுக்கு நம் செட்டிநாட்டுப் பக்கத்தில் சம்பளச் சீட்டு எழுதினார்கள். எந்த ஊர், எத்தனை வருஷம், என்ன சம்பளம் என்று எல்லாம் அதில் இருக்கும். முன்பின் தெரியாத அமைப்பை நம்பிப் பெண்ணை அனுப்புகிறவர்கள் அதைவிடக் குறைவாகக் கேட்கலாமா? எந்த மருத்துவ நிலையம், மேற்பார்வை செய்யும் நர்ஸ் யார், எங்கே தங்குவாள், உடம்புக்கு முடியாமல் போனால் யார் பொறுப்பு, திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்று கேளுங்கள். மாணவர்களிடம் கட்டணம் வாங்குவதாலேயே ஒரு அமைப்பு மோசம் என்று சொல்லிவிட முடியாது. அதில் எவ்வளவு அந்த நிலையத்துக்குப் போகிறது என்று கேட்டுப் பாருங்கள், மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது வேறு. ‘ஊசி போடலாம், தையல் போடலாம், பிரசவம் பார்க்கலாம்’ என்று ஆசை காட்டியே மாணவர்களை இழுக்கும் விளம்பரங்கள் இருக்கின்றன. காரைக்குடி அரசு மருத்துவமனையில் தனியாகச் செய்ய விடாத எதையும் உங்கள் மகள் அங்கேயும் செய்யக் கூடாது. அங்கே பிரசவத்துக்கு வரும் பெண்ணும் ஒரு வீட்டுப் பிள்ளைதானே. யாராவது வற்புறுத்தினால், ‘நான் இன்னும் நர்ஸாகப் பதிவு பெறவில்லை, செய்ய மாட்டேன்’ என்று சொல்ல அவளை இப்போதே பழக்குங்கள்.

அப்படியானால் அங்கே என்னதான் செய்வாள்? நிறைய இருக்கிறது. உகாண்டாவில் 2001 முதல் கிராம சுகாதாரக் குழுக்கள் இயங்குகின்றன. அந்த ஊர்க்காரர்களே வீடு வீடாகப் போகிறார்கள். அவர்களோடு கூடப் போவது, பதிவேடு எழுதுவது, கொசுவலை பற்றிப் பேசுவது எல்லாம் அவளால் முடியும்.

அதற்கான பயிற்சி நம் ஊரிலேயே கிடைக்கும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண்கள் வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பார்க்கிறார்கள் இல்லையா? உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரிடம் அனுமதி கேட்டு, சனிக்கிழமைகளில் அவர்களோடு போய்வரச் சொல்லுங்கள். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர், ‘மாத்திரையெல்லாம் சரியாப் போட்டுக்கிறேன்’ என்பார். அட்டையைக் காட்டச் சொன்னால் பத்தும் அப்படியே இருக்கும். திட்டாமல், முகம் சுளிக்காமல் அடுத்த கேள்வியை எப்படிக் கேட்பது என்று தமிழில் பழகினால்தான், மொழி தெரியாத ஊரில் மொழிபெயர்ப்பவரை வைத்துக்கொண்டு கேட்க முடியும்.

கல்லூரி அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி வகுப்புக்கு 80 சதவீத வருகை வேண்டும், பட்டம் வாங்குவதற்குள் செய்முறைப் பணி நேரம் 100 சதவீதம் முடித்திருக்க வேண்டும். ஆறு வாரத்தில் விடுமுறை போக மீதி நாட்களை எப்போது ஈடுசெய்வாள் என்று முன்பே பேசிவிடுவது நல்லது. இன்னொன்று, இந்தத் தொண்டு பின்னால் வெளிநாட்டு நர்ஸ் வேலைக்குப் பணி அனுபவமாகக் கணக்கில் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பொதுச் சுகாதாரத்தில் முதுகலை படிக்க விண்ணப்பித்தால், எதைக் கற்றாள் என்று எழுத அவளிடம் விஷயம் இருக்கும்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். அரசு அங்கீகரித்த மையத்தில்தான் போட வேண்டும், சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அதில் ஒன்று. முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்று செல்லும், அதன் பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். அது இல்லாமல் திரும்பி வந்தால் இங்கே விமான நிலையத்திலிருந்தே ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைத்துவிடலாம். பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து அப்பா பெயர் முழுதாக இருக்கும், கல்லூரிச் சான்றில் ஒற்றை எழுத்துதான் இருக்கும். தடுப்பூசி அட்டை, டிக்கெட், அழைப்புக் கடிதம் மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் இருக்க வேண்டும். ஹெபடைடிஸ் பி மூன்று டோஸும் முடிந்ததா என்றும் பாருங்கள், வழக்கமான முறையில் அது முடிய ஆறு மாதம் ஆகும்.

டூரிஸ்ட் விசாவிலேயே போய்விடலாம் என்று அமைப்பு சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். தொண்டுக்கு எந்த அனுமதி தேவை என்று உகாண்டா தூதரகத்திடமே கேளுங்கள்.

மலேரியா மாத்திரையை டாக்டர் சொல்கிறபடி போகுமுன்பே தொடங்க வேண்டும். டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் ஊர் திரும்பிய பிறகும் நான்கு வாரம் தினமும் போட வேண்டும். வீட்டுக்கு வந்துவிட்டோம் என்று பாதியில் விடுகிறவர்கள்தான் அதிகம், அதை நீங்கள்தான் கவனிக்க வேண்டும். வந்து சில மாதங்களுக்குள் காய்ச்சல் அடித்தால், சாதாரணக் காய்ச்சல் என்று மருந்துக் கடையில் மாத்திரை வாங்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். உகாண்டா போய்வந்தவள் என்பதை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

அமைப்பிடமிருந்து காகிதம் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், ஒவ்வொரு வரியாகச் சேர்ந்து பார்ப்போம்.