அணுமின் நிலையப் பாதுகாப்பை அரசு ஒழுங்காகக் கண்காணிக்கிறதா? அதில் பொதுமக்களுக்கு ஏதாவது இடம் உண்டா?

கண்காணிக்கிறது. ஆனால் கண்காணிப்பவரும் கண்காணிக்கப்படுபவரும் நேற்றுவரை ஒரே துறையின் நிழலில்தான் இருந்தார்கள். கண்டறிந்ததை உலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களிடம் வந்து சொல்லும் பழக்கம் இருவருக்கும் இன்னும் வரவில்லை. நான் ராதாபுரம் வட்டாரத்துக்காரன். பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். கூடங்குளம் உலையைச் சுற்றி அவசரகாலத் திட்டத்துக்காகப் போட்டிருக்கும் 16 கி.மீ. வட்டத்துக்குள்தான் எங்கள் வீடு. அதனால் கூடங்குளத்தை வைத்தே பதில் சொல்கிறேன்.

கண்காணிக்கும் அமைப்பான அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983 நவம்பரில் தொடங்கப்பட்டது. தலைமையகம் மும்பை. இடத்தைத் தேர்வு செய்வது, கட்டுவது, ஓட்டிப் பார்ப்பது, உற்பத்தியைத் தொடங்குவது என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் வாரியம் அனுமதி தர வேண்டும். இயக்க உரிமத்தைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பத்தாண்டுக்கு ஒருமுறை முழு மறுஆய்வும் உண்டு. இந்த ஆய்வுகளைச் செய்கிறவர்களின் படிப்பிலோ உழைப்பிலோ எனக்குச் சந்தேகமில்லை. என்னிடம் படித்த பிள்ளைகள் சிலர் அந்த நிலையத்தில் வேலை பார்க்கிறார்கள். கதிர்வீச்சு அளவியை மாட்டாமல் உள்ளே ஒரு அடி வைக்க முடியாது என்று அவர்கள் சொல்வதை நான் நம்புகிறேன்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இவ்வளவு காலமும் வாரியம் பதில் சொல்ல வேண்டியிருந்தது அணுசக்தி ஆணையத்துக்கு. அந்த ஆணையத்தின் தலைவரேதான் அணுசக்தித் துறையின் செயலாளர். உலைகளை நடத்தும் இந்திய அணுமின் கழகமும் அதே துறைக்குக் கீழேதான் வருகிறது. பரீட்சை எழுதும் பையனுடைய அப்பாவே விடைத்தாள் திருத்துபவருக்கு மேலதிகாரி என்றால் ஊரில் யார் அந்த மதிப்பெண்ணை நம்புவார்கள்? திருத்தியவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் பேச்சு வரத்தான் செய்யும்.

இது போராட்டக்காரர்கள் மட்டும் சொன்னதல்ல. 2012 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட சிஏஜி (அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் தலைமை அதிகாரி) அறிக்கையே சொன்னது. வாரியம் மத்திய அரசுக்குக் கீழ்ப்பட்ட ஓர் அமைப்பாகவே இருக்கிறது, விதி மீறினால் விதிக்கக்கூடிய அதிகபட்ச அபராதம் 500 ரூபாய் என்றெல்லாம் அதில் இருக்கிறது. இதே வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டிய 57,443 மருத்துவ எக்ஸ்ரே மையங்களில் 52,173 பதிவே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தன என்றும் அதே அறிக்கை சொல்கிறது. (உலையைப் பற்றி மட்டுமே பயப்படுகிறவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும். நம்மில் பெரும்பாலோர் உடம்பில் வாங்கும் செயற்கைக் கதிர்வீச்சு ஆஸ்பத்திரியில்தான்.) சுதந்திரமான ஆணையம் அமைக்க 2011-இல் கொண்டுவந்த மசோதா, 2014-இல் மக்களவை கலைந்தபோது காலாவதியாகிவிட்டது. 2015-இல் வந்து பார்த்த சர்வதேச அணுசக்தி முகமையின் குழுவும், வாரியத்தின் சுதந்திரத்தைச் சட்டத்திலேயே உறுதிசெய்யச் சொன்னது. 2025 டிசம்பரில் நிறைவேறிய புதிய அணுசக்திச் சட்டமான சாந்தி சட்டத்தில்தான் வாரியத்துக்குச் சட்ட அந்தஸ்து வந்திருக்கிறது. அதே சட்டம் தனியாருக்கும் கதவைத் திறந்துவிட்டிருப்பதால், இனி வாரியம் இரண்டு மடங்கு கறாராக இருந்தாக வேண்டும்.

ஜப்பானில் இதை அலட்சியம் செய்ததன் விலை என்னவென்று பார்த்தோம். அங்கே அணுமின்சாரத்தை வளர்க்கும் அமைச்சகத்துக்குக் கீழேயே கண்காணிப்பு முகமையும் இருந்தது. ஃபுகுஷிமா விபத்து மனிதர்களால் உண்டானது என்று அந்நாட்டு நாடாளுமன்றம் அமைத்த விசாரணைக் குழு 2012 ஜூலையில் எழுதியது. அந்த செப்டம்பரிலேயே தனி ஒழுங்குமுறை ஆணையம் வந்துவிட்டது.

இனி மக்கள் பங்கு. கூடங்குளத்தின் முதல் இரண்டு உலைகளுக்குக் கருத்துக்கேட்பே நடக்கவில்லை. அவற்றுக்கு 1989-லேயே சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்துவிட்டது, கருத்துக்கேட்பு கட்டாயமானது 1997-இல்தான் என்று காரணம் சொல்லப்பட்டது. அடுத்த நான்கு உலைகளுக்கான கூட்டம் 2007 ஜூன் 2 அன்று திருநெல்வேலி கலெக்டர் ஆபீசில் நடந்தது. இடிந்தகரையிலிருந்தும் பெருமணலிலிருந்தும் கடல் தொழிலுக்குப் போகிறவர்கள் ஒரு நாள் பிழைப்பை விட்டுவிட்டு, 60 கிலோமீட்டருக்கும் மேல் பஸ் ஏறிப் போய்த்தான் பேச வேண்டியிருந்தது.

2012 ஏப்ரல் 30 அன்று மத்தியத் தகவல் ஆணையம் ஓர் உத்தரவு போட்டது. முதல் இரண்டு உலைகளின் பாதுகாப்பு ஆய்வறிக்கையை, வணிக ரகசியங்களை மட்டும் நீக்கிவிட்டு, வெளியிட வேண்டும் என்றது. கூடங்குளம் எதிர்ப்புப் போராட்டத்தை முன்னின்று நடத்திய சுப. உதயகுமார் கேட்ட மனுவின் மேல் வந்த உத்தரவு அது. அணுமின் கழகமோ அறிக்கையைத் தராமல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. உலை பாதுகாப்பானது என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு, அதை நிரூபிக்கும் காகிதத்தை மட்டும் காட்ட மாட்டேன் என்றால் எப்படி? அந்தச் சமயத்தில் கேள்வி கேட்ட ஆயிரக்கணக்கானோர் மேல் தேசத்துரோக வழக்குகூடப் பாய்ந்தது. 2013 மே 6 அன்று உலைக்கு அனுமதி தந்த உச்ச நீதிமன்றமே, அந்த வழக்குகளைத் திரும்பப் பெற முயற்சி எடுக்கச் சொன்னது.

2019 அக்டோபர் 29 அன்று, நிலையத்தின் கட்டுப்பாட்டு அமைப்பின் மேல் இணையத் தாக்குதல் நடத்தவே முடியாது என்று நிலையத்திலிருந்து அறிக்கை வந்தது. மறுநாள் கழகமே, தங்கள் கணினி ஒன்றில் தீநிரல் (மால்வேர்) இருந்தது உண்மை, செப்டம்பர் 4-ஆம் தேதியே தகவல் வந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டது. பாதிக்கப்பட்டது நிர்வாக வேலைக்கான கணினிதான், உலையை இயக்கும் அமைப்பு தனி. தொழில்நுட்பரீதியாக இரண்டு அறிக்கையுமே சரி என்று வாதிடலாம். ஆனால் கிட்டத்தட்ட எட்டு வாரம் வாயைத் திறக்காதவர்கள் அடுத்த முறை ஒன்றும் இல்லை என்று சொன்னால், எங்கள் ஊர் டீக்கடையில் ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

எனக்கு இதையெல்லாம்விட முக்கியமாகப் படுவது மீன். நிலையத்துக்கு வெளியே இயங்கும் சுற்றுச்சூழல் ஆய்வகம், சுமார் 30 கி.மீ. சுற்றுவட்டாரத்தில் கடல் நீர், மீன், பால், மண், காய்கறி எல்லாவற்றிலும் மாதிரி எடுத்துக் கதிரியக்கம் பார்க்கிறது. நல்ல வேலை. ஆனால் அந்த ஆய்வகத்தை நடத்துவது பாபா அணு ஆராய்ச்சி மையம், அதுவும் அதே துறைதான். முடிவுகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வரும் ஆண்டறிக்கைகளில், பொதுமக்களுக்கான ஆண்டு வரம்பான 1 மில்லிசீவர்ட்டுக்கு (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) மிகவும் கீழே என்ற அளவில் முடிந்துவிடுகின்றன. வலையில் சாளை பட்டுக் கரைக்கு வருகிறவருக்கு, தன் கடலின் மீனில் போன வருடம் என்ன அளவு இருந்தது என்று தெரிய வழியில்லை. எங்கள் கரையின் தாது மணலில் தோரியம் இயற்கையாகவே உண்டு, மணவாளக்குறிச்சிப் பக்கம் இயற்கைக் கதிர்வீச்சே அதிகம். உலை வருவதற்கு முன் எவ்வளவு, வந்த பிறகு எவ்வளவு என்று ஊர்வாரியாகத் தமிழில் பஞ்சாயத்து போர்டில் எழுதிப் போட்டால்தான், புற்றுநோய் எங்கிருந்து வருகிறது என்ற பேச்சு வதந்தியாக இல்லாமல் விவாதமாக மாறும். பிரான்சில் ஒவ்வொரு அணுமின் நிலையத்துக்கும் ஓர் உள்ளூர்த் தகவல் குழு உண்டு. உள்ளூர்ப் பிரதிநிதிகள், தொழிற்சங்கங்கள், சுற்றுச்சூழல் அமைப்புகள் எல்லாரும் அதில் உட்கார்ந்து நிர்வாகத்தைக் கேள்வி கேட்கிறார்கள். நமக்கும் அப்படி ஒன்று வேண்டும்.

அதுவரை, உங்கள் பக்கம் ஏதாவது கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவித்தால் விட்டுவிடாதீர்கள். 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, குறைந்தது 30 நாள் முன்னதாக உள்ளூர் மொழிப் பத்திரிகையில் அறிவிப்பு வர வேண்டும். அறிக்கையின் சுருக்கம் தமிழில் இருக்க வேண்டும். கூட்டம் திட்ட இடத்திலோ மிக அருகிலோ நடக்க வேண்டும், முழுவதையும் வீடியோ எடுக்க வேண்டும். பேசியதன் தொகுப்பைக் கூட்டத்தின் முடிவில் தமிழில் வாசித்துக் காட்டுவார்கள். உங்கள் கேள்வி அதில் விட்டுப்போயிருந்தால், கலெக்டர் கையெழுத்துப் போடுவதற்கு முன் எழுந்து நின்று சேர்க்கச் சொல்லுங்கள். எழுத்திலும் ஒரு பிரதி கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.